இன்னொரு கரண்டி

ஆவுடையப்பன் பந்தி விசாரித்தால் யாரும் அரை வயிற்றோடு எழுந்தது கிடையாது. நிம்மதியாக எழுந்ததும் கிடையாது.

தென்காசிப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதி அவர் கரண்டியில் நடந்தவை. விருந்தாளி கையை இலைக்கு மேல் விரித்து, "போதும், போதும்" என்பார். "அதெப்படி, எனக்காக ஒரு கரண்டி" என்று விரல் இடுக்கு வழியாகவே தேங்காய்ப்பால் சொதியை விட்டுவிடுவார் ஆவுடையப்பன். விருந்தாளி திட்டிக்கொண்டே சாப்பிடுவார். வீட்டுக்குப் போய், பந்தி என்றால் அதுதான் பந்தி என்று மெச்சுவார். ஒருவர் போதும் என்றதும் கரண்டியை எடுத்துக்கொண்டு போகிறவனைக் கருமி என்றுதான் அங்கே சொல்வார்கள்.

அறுபதைத் தாண்டியதும் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய மடத்துக்கு வந்தார். அங்கே உலகம்மைக்குச் சீடரானார். உலகம்மைக்கு நாற்பது வயதுதான். மடத்துக்கு வருமுன் பேச்சு வராத பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை பார்த்தவர். குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவை அம்மா என்பார். பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை.

மடத்தில் தினமும் மதியம் அன்னதானம். பரிமாறும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு, சமையல் பூலம்மாள். அவள் மகள் முப்பிடாதிக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. பேச்சு மிகவும் தாமதமாக வந்த பிள்ளை. வந்த வார்த்தைகளும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அம்மா, தண்ணி, தூக்கு, போதும். இதில் 'போதும்' மட்டும் பெரியவர்கள் சொல்வதுபோல் அவ்வளவு திருத்தமாக வரும். அதைக் கேட்பதற்கென்றே சிலர் அவள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

அந்தப் 'போதும்'தான் இப்போது தேய்ந்துகொண்டே வந்தது. மற்ற வார்த்தைகளும் அதன் பின்னால் குறைந்தன. தனி இலை போட்டுப் பந்தியில் உட்காரத் தொடங்கிய பிறகு பிள்ளை புதிதாக ஒன்றைக் கற்றிருந்தாள். இலையைச் சோற்றோடு இழுத்து எறிவது.

ஒருநாள் பூலம்மாள் உலகம்மையின் முன்னால் வந்து நின்று அழுதாள்.

"ஆடி அமாவாசைக்கு இவ அப்பா வாராவம்மா. பேச்சு தேறுனா இங்கனயே பள்ளிக்கூடம், இல்லன்னா வடக்க பேச்சு வராத பிள்ளைக விடுதியில கொண்டு விட்ருவேன்னு சொல்லிட்டாவ. இடம்கூட சொல்லி வச்சாச்சாம். இருந்த பேச்சும் போகுதுன்னா நான் அவுகட்ட என்னத்தச் சொல்ல?"

"அழாத. பாப்போம்" என்றார் உலகம்மை.

பாப்போம் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். உலகம்மை சொன்னால் உண்மையிலேயே பார்ப்பார்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் வந்து உட்கார்ந்தார். அந்தப் பிள்ளைமேல் அவருக்கு உயிர். பந்தியில் முதல் சோறு அவள் இலைக்குத்தான் போகும்.

"அம்மா, வராத பேச்சு வராம இருக்கது புரியுது. வந்த பேச்சு ஏன் போகுது?"

"நீங்க என்ன நினைக்கிய அண்ணாச்சி?"

"கண்ணேறுதான். போற வாறவுக எல்லாம் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா? பட்டுட்டு."

"எங்க வச்சுப் படுது?"

"பந்தியிலதான்."

"எந்நேரம்?"

ஆவுடையப்பன் யோசித்தார். "மறு சோறு வரும்போது."

"குளிக்கும்போது?"

அது அவருக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பூலம்மாளிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"குளிக்கும்போது இப்பமும் சொல்லுதாளாம்மா. முன்ன மாதிரி இல்ல, ஆனாலும் சொல்லுதாளாம். தலையில தண்ணி ஊத்தும்போது 'போதும்'பாளாம். பூலம்மாவும் செம்பைக் கீழ வச்சிருவாளாம்."

"அப்போ நம்ம கண்ணேறு குளிக்க வாறதில்ல. மறு சோத்து வாளி கூடத்தான் வருது."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. கண்ணேறு விஷயத்தில் அவருக்குக் கேலி பிடிக்காது.

"நாளைக்கு நீங்க பரிமாற வேண்டாம்" என்றார் உலகம்மை. "ஓரமா உக்காந்து பாருங்க. பிள்ளைக்கு உள்ள என்ன இருக்குன்னு தேடாதிய, அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவ ஒண்ணைச் செய்யுததுக்கு முந்தி என்ன நடக்கு, செஞ்ச பிறகு என்ன நடக்கு. அதை மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பந்தி நடக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது ஆவுடையப்பனுக்குப் பெரிய தண்டனை. எதிர் வரிசையில் யாருக்கோ கூட்டு தீர்ந்துபோனதைப் பார்த்து இரண்டு தடவை எழுந்துவிட்டார். இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முடிந்ததும் போய்ச் சொன்னார்.

"பிள்ள நல்லாத்தாம்மா சாப்ட்டா. சங்கிலி மறு சோறு கொண்டு வந்தான். இவ கையை இலைக்கு மேல விரிச்சா."

சங்கிலி அவரிடம் பரிமாறப் பழகிய தொண்டர்களில் ஒருவன்.

"பிறகு?"

"சங்கிலி கையை மெதுவா விலக்கிட்டுச் சோறு வச்சான். மனசுள்ள பய, சாம்பாரும் தாராளமா விட்டான்."

"பிறகு?"

"உதட்டைக் குவிச்சா. சொல்லத்தான் போறான்னு பாத்தேன், சொல்லல. அதுக்குள்ள கூட்டு வந்துட்டு. இலையை இழுத்து எறிஞ்சிட்டா. கோவம்மா, வேற என்ன?"

"எறிஞ்ச பிறகு?"

"பிறகென்ன, இலையை எடுத்துட்டாவ. வாளியெல்லாம் அடுத்த வரிசைக்குப் போயிட்டு. பூலம்மா வந்து தூக்கிட்டுப் போனா."

"அதுக்குப் பிறகு யாராவது அவளுக்குச் சோறு வச்சாவளா?"

"எறிஞ்ச பிள்ளைக்கு எவன் வைப்பான்?"

"ம்" என்றார் உலகம்மை.

ஆவுடையப்பன் இரவு முழுக்க அந்த 'ம்'மைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் மந்த புத்திக்காரர் இல்லை. ஆனால் ஒரு வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவருக்கு அந்த வேலை கண்ணில் படுவதில்லை. தான் போட்டிருக்கும் கண்ணாடியையே வீடெல்லாம் தேடுகிறவர் கதைதான்.

மறுநாள் இலை போடும் நேரத்தில் உலகம்மை பந்திக் கூடத்துக்கு வந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க உக்காருங்க. இன்னைக்கு உங்களுக்கு நான் பரிமாறுதேன்."

ஆவுடையப்பனுக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கியது. குரு வாளி தூக்குவதும் சீடர் சம்மணம் போட்டுத் தின்பதும் எந்த ஊர் நியாயம்? ஆனாலும் சொன்ன பிறகு தட்ட முடியாது. உட்கார்ந்தார்.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. சாப்பிட்டார். மறு சோறு வந்தது.

"போதும்மா."

"அதெப்படி? எனக்காக ஒரு கரண்டி."

தன்னுடைய வசனத்தை அம்மா வாயில் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட்டார். வாளி திரும்ப வந்தது.

"போதும்மா. நிசமாத்தான் சொல்லுதேன்."

உலகம்மை வைத்தார். ஆவுடையப்பன் இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்தார். ரசம் விரல் இடுக்கு வழியாக இறங்கி, சூடாக மணிக்கட்டு வரை ஓடியது.

"அம்மா, போதும்!"

உலகம்மை முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அவியல் வைத்தார். ஆவுடையப்பன் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் விட்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் வேர்வை வழிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர்ச்சோற்றுக்கென்று வாளி மறுபடியும் குனிந்தது. அவ்வளவுதான், சோறும் கறியும் கிடக்க இலையை டப்பென்று மடக்கிவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சோற்றை இலையில் விட்டு எழுந்தவர்களைத் தன் பந்தியில் நாலு பேர் முன்னால் வைத்தே ஏசியவர் அவர்.

"ஏன் அண்ணாச்சி எந்திரிச்சிட்டிய?" என்றார் உலகம்மை. "போதும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எத்தனை தடவைம்மா சொன்னேன்!"

"கடைசியில ஏன் சொல்லல?"

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

மெதுவாகத் திரும்பினார். வரிசைக் கடைசியில் முப்பிடாதி ஒரு கையை இலைக்கு மேல் விரித்து உட்கார்ந்திருந்தாள். சங்கிலி சிரித்த முகத்தோடு அந்தக் கையை விலக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்படி விலக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும்.

நின்ற இடத்திலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் இல்லை. "நான்தாம்மா" என்றார். "பிள்ளை வாயை அடைச்சது நான்தான்."

"நீங்க அழுததுக்காக அவ பேசமாட்டா" என்றார் உலகம்மை. "கையைக் கழுவிட்டு வாங்க. வேலை கிடக்கு."

அன்று பந்தி முடிந்ததும் ஆவுடையப்பன் தொண்டர்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே முப்பிடாதி கையை விரிச்சா கரண்டி அந்தானைக்கு, அந்த இடத்துலயே நிக்கணும். வாயைத் திறந்தா வாளியோட பின்னால போயிரணும்."

சங்கிலி தலையைச் சொறிந்தான். "போதும்னா ஒரு கரண்டி கூட்டி வைக்கணும்னு நீங்கதான சொல்லித் தந்திய அண்ணாச்சி?"

"மத்தவுக மரியாதைக்குச் சொல்லுதாவடே. இவ வயிறு நிறைஞ்சு சொல்லுதா. நம்ம மரியாதை எல்லாம் இவளுக்கு இன்னும் தெரியாது."

மறுநாள் எல்லாரும் கரண்டியை நிறுத்தினார்கள். முப்பிடாதி இலையை எறிந்தாள். அதற்கு மறுநாள் இன்னும் தூரமாக எறிந்தாள், ஒரு சாமியார் மடியில் போய் விழுந்தது. ஆவுடையப்பன் தளர்ந்துபோய் உலகம்மையிடம் வந்தார்.

"நிறுத்தத்தான் செய்யுதோம்மா. அவ எறியத்தான் செய்யுதா."

"சொன்னா நடக்காது, எறிஞ்சா நடக்கும்னு நாம எத்தனை நாள் அவளுக்குப் பாடம் எடுத்தோம்? அதை ரெண்டு நாள்ல மறந்திருவாளா?"

"அப்போ என்ன செய்ய?"

"கொஞ்சமா வையுங்க. வச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்து கையைப் பாருங்க. அது இலை விளிம்புக்குப் போறதுக்கு முந்தி எங்கயோ ஒரு இடத்துல அசையும். அங்க நிறுத்துங்க."

ஒரு வரிசையை ஒரே ஓட்டத்தில் முடிக்கிற மனிதர், நாலு பருக்கை சோற்றை வைத்துவிட்டு அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். மற்ற வரிசைகள் கூப்பிட்டன. அவர் திரும்பவில்லை. பிள்ளையின் விரல்கள் இலைக்கு மேல் லேசாக எழும்பின. ஆவுடையப்பன் கரண்டியை வெடுக்கென்று நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

முப்பிடாதி கரண்டியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

மறுபடி கரண்டி நீண்டது. மறுபடி கை எழும்பியது. கரண்டி ஓடியது. இந்தத் தடவை கையை வேண்டுமென்றே விரித்தாள். கரண்டி வாளிக்குள்ளேயே போய்விட்டது. பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு இலை அதன் இடத்திலேயே இருந்தது. ஆவுடையப்பன் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பூலம்மாளிடம், "எறியல! எறியல!" என்று கத்தினார்.

அடுத்த சில நாட்களில் கையோடு சேர்ந்து உதடும் குவிந்தது. "போ" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுக்கே ஆவுடையப்பன் பின்னால் தாவி, எதிர் வரிசை இலையில் உட்கார்ந்துவிட்டார். முழு வார்த்தை இன்னும் வரவில்லை. ஆடி அமாவாசை வந்துவிட்டது.

முப்பிடாதியின் அப்பன் சுடலைமுத்து காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டான். லாரி ஓட்டுகிறவன். மகள்மேல் ஆசை இல்லாதவன் இல்லை. ஓடுகிற வண்டியிலும் அவள் எதிர்காலத்தைப் பற்றிய கவலைதான். மகளுக்கென்று புதுத்துணி, சோப்பு, சீப்பு எல்லாம் ஒரு பையில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தான். அந்தப் பையைப் பார்த்த பிறகு பூலம்மாளுக்கு உப்பு எது, சீனி எது என்று தெரியவில்லை.

மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. சுடலைமுத்து மகளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். அன்றைய அன்னதானம் ஒரு ரைஸ் மில் முதலாளியுடையது. பாயசத்தை மட்டும் தன் கையாலேயே பரிமாறுவேன் என்று அவர் வாளியோடு வந்தார். முப்பிடாதி இலையில் ஒரு கரண்டி விட்டார். அவள் வழித்துக் குடித்தாள். முதலாளிக்குப் பூரிப்பு. இன்னொரு கரண்டி மொண்டார்.

பிள்ளை கையை விரித்தாள்.

"பிள்ளைக்கு வெக்கத்தைப் பாரு" என்று முதலாளி செல்லமாக அந்தக் கையை விலக்கினார்.

முப்பிடாதியின் விரல்கள் இலை விளிம்பைப் பிடித்தன. அடுப்படி வாசலில் நின்ற பூலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விரல்கள் விளிம்பை விட்டன.

"போதும்."

கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"அடேயப்பா! இந்த வாய்க்கே இன்னொரு கரண்டி" என்று முதலாளி குனிந்தார். எங்கிருந்தோ ஒரு கை கரண்டிக்கும் இலைக்கும் நடுவே வந்தது. பாயசம் முழுக்க அந்தக் கையில் கொட்டியது. ஆவுடையப்பன் கை.

"முதலாளி, பிள்ளை போதும்னுட்டா."

"நல்ல நாளும் அதுவுமா, ஒரு கரண்டிதானவே?"

"அரைக் கரண்டி கிடையாது."

வாழ்க்கையில் ஒரு தடவையும் வராத வாக்கியம் அவர் வாயில் வந்தது. கை எரிந்தது, அதை அவர் உதறக்கூட இல்லை. முதலாளி அவரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கரண்டியை வாளிக்குள் வைத்தார்.

அது உள்ளே போகிற வரைக்கும் முப்பிடாதி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊறுகாயோடு வந்த சங்கிலியைப் பார்த்து, "போதும்!" என்றாள். சங்கிலி துள்ளி ஒதுங்கினான். அப்பளக் கூடைக்காரரைப் பார்த்து, "போதும்!" கூடை பின்னால் போனது. மோர் வாளி வரவே இல்லை, தூரத்தில் வைத்தே ஒரு "போதும்!" வாங்கிக்கொண்டு திரும்பியது. கூடம் சிரித்துக் குலுங்கியது. சுடலைமுத்து வாயில் வைத்த சோற்றை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தான். பிள்ளை சுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, "தண்ணி" என்றாள். மூன்று பேர் மூன்று சொம்போடு ஓடி வந்தார்கள்.

பந்தி முடிந்த பிறகு சுடலைமுத்து உலகம்மையிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"சந்தோசம்மா. ஆனா ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டு என்ன செய்ய? விடுதியில நிறையச் சொல்லித் தருவாவளாம். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புதோம். இவ நல்லதுக்குத்தான்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். உலகம்மை அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பூலம்மாள் மகள் தலையை வாரிவிட்டாள். வகிடு கோணலாகப் போயிற்று.

சுடலைமுத்து பையைத் தோளில் மாட்டினான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு மடத்து வாசலைத் தாண்டினான். பிள்ளை கூடவே நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசலிலேயே நின்றாள், கூட வரவில்லை. பிள்ளை நின்றுவிட்டாள். அப்பன் லேசாக இழுத்தான். அவள் அப்பனுக்கு முன்னால் வந்து, மற்றக் கையை அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"போதும்."

சுடலைமுத்து அப்படியே நின்றான். பிள்ளை கத்தவில்லை, மண்ணில் விழுந்து புரளவில்லை. கையை விரித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிடி தளர்ந்தது. தோளில் இருந்த பை தரைக்கு வந்தது.

பிள்ளை ஒரே ஓட்டமாக ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"தூக்கு."

பூலம்மாள் தூக்கிக்கொண்டாள்.

சுடலைமுத்து வெறும் கையோடு வாசலுக்குத் திரும்பி வந்தான். உலகம்மையின் முன்னால் நின்றான்.

"இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"என்கிட்ட எதுக்குக் கேக்கிய?" என்றார் உலகம்மை. "பிள்ளைதான் சொல்லிட்டாளே."